இன்னொரு பாட்டில்

செம்மறி எழுந்து நின்றுவிட்டது.

கால்கள் நடுங்கின. விழவில்லை.

"நிக்குதுங்க மேடம்," என்றார் உதவியாளர் மயில்சாமி. குரலில் அத்தனை சந்தோஷம்.

அவள் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினாள்.

காலையில் அதற்கு மயக்க ஊசி போட்டு, ரத்தத்தை வெளியேற்றி, நாடி விரலுக்குத் தட்டுப்படாத நிலைவரை கொண்டுபோனது அவள்தான். பிறகு டிரிப்ஸ் ஏற்றினாள். சில ஆடுகளுக்கு வெறும் சலைன். சிலவற்றுக்கு வேறொரு திரவம். ரத்தம் கிடைக்கும்வரை உயிரைப் பிடித்துவைக்க எது உதவும் என்பதுதான் ஆராய்ச்சி.

சலைன் ஏறிய ஆடுகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மற்றது ஏறிய ஆடு ஒன்று நேற்று எழுந்தது. தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இன்று இன்னொன்றும் எழுந்துவிட்டது.

இரண்டு திரவமும் ஒன்றுதான் என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த ஆராய்ச்சியையே கையில் எடுத்தாள். மயில்சாமிக்கு அது தெரியாது; அவள் கணவருக்குத் தெரியும்.

போன வருஷம் மகள் ஓவியா மொட்டைமாடியிலிருந்து விழுந்தபோது அவள் வெளியூரில் இருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள் கணவர் தனசேகர். வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. ரத்தம் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். அதுவரை சலைன் ஏற்றலாம், இன்னொரு பாட்டிலும் இருக்கிறது, ஆனால் அதை வெளியே போய்த்தான் வாங்கிவர வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். அதில் இருந்தது இன்று செம்மறிக்கு ஏறிய அதே திரவம். குழந்தை தனசேகரின் சட்டையை விடவில்லை. இருப்பதையே ஏற்றச் சொல்லிவிட்டார்.

ரத்தம் வந்தபோது அது யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து தனசேகர் அவளிடம் ஒன்றைத்தான் கேட்கிறார். சோற்றில் கைவைத்தபடி கேட்பார். பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமலே கேட்பார். அந்தப் பாட்டிலை வாங்கி வந்திருக்கலாமோ?

அவள் கால்நடை டாக்டர்தான். ஆனாலும் அவள் சொன்னால் நம்புவார். எதை ஏற்றியிருந்தாலும் ஒன்றுதான் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறாள். தெரியாமல்தான் சொன்னாள்.

செம்மறி தொட்டித் தண்ணீரில் வாய் வைத்தது.

போன் அடித்தது. தனசேகர்தான். சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு மெதுவாகத் தொடர்ந்தார்.

"ஆடு எப்படி இருக்கு?"

மயில்சாமி அகத்திக்கீரைக் கட்டைப் பிரித்து நீட்டினார். அது ஒவ்வொரு கொத்தாக இழுத்துத் தின்றது.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எந்திரிக்கலைங்க," என்றாள்.