பன்னிரண்டாம் நம்பர் பசு

ஜெறோம் கனடாவின் சஸ்கச்சுவான் புல்வெளியில் நாற்பது மாடுகள் வளர்க்கிறார். கன்று ஈனும் காலத்தில் அவர் வெளியே போனால், மனைவி மெற்றில்டா ரொறன்ரோவில், மல்வேர்ன் வீட்டிலிருந்தபடி, கொட்டில் கமராவைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பாள். அது அவளுக்குப் பிடித்த வேலை.

செவ்வாய் மதியம் பன்னிரண்டாம் நம்பர் பசு படுத்தது. கன்றின் பின்னங்கால்கள் முதலில் வந்தன. உடனே இழுக்காவிட்டால் கன்று மூச்சடைத்துச் செத்துவிடும். அவள் ஜெறோமை அழைத்தாள்.

"எங்க நிக்கிறியள்? பின்னங்கால் வருது!"

"ஐயோ, ட்றக் பனியில புதைஞ்சு போச்சு. வர ஒரு மணித்தியாலம் செல்லுமப்பா."

மெற்றில்டா அழைப்பைத் துண்டிக்காமலே மாதாவை மன்றாடத் தொடங்கினாள். அப்போது கமராவில் கொட்டில் கதவு திறந்தது. சிவப்பு ஜக்கெற்றுடன் ஜெறோம் உள்ளே வந்து, கால்களில் சங்கிலி மாட்டி இழுத்தார். வைக்கோலால் கன்றின் மூக்கைக் கிண்டினார். அது தும்மி மூச்சு விட்டது.

"கன்று தப்பிட்டுது," என்று போனில் இருந்த ஜெறோமிடம் சொன்னாள்.

"ஆர் இழுத்தது?"

"நீங்கள்தான்."



"வைக்கோலால மூக்கைக் கிண்டினனானே?"

"ஓம்."

"அப்ப சரியாத்தான் செய்திருக்கிறன்," என்று அவர் சிரித்தார்.

கொட்டிலில் ஜெறோம் கன்றைத் தாயின் முகத்தருகே நகர்த்தி வைத்தார். பசு அதை நக்கத் தொடங்கியது. போனில் ட்றக்கின் சக்கரம் பனியில் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.