வண்டிகளை நிறுத்த ஆவன செய்யுமாறு

"நிறுத்தணும்னு கேட்டீங்க, நிறுத்திக் குடுத்தாச்சு. இன்னும் என்ன சார் வேணும் உங்களுக்கு?" என்று மேசையைத் தட்டினார் பொறியாளர்.

"வண்டி வராம நிறுத்துங்கன்னு சொன்னோம்யா! கொண்டாந்து வாசல்ல நிறுத்தவா சொன்னோம்?"

எங்கள் மைக்செட் போட்ட சத்தத்தில் நகராட்சி அலுவலகத்தின் ஃபைல்களே தூக்கம் கலைந்திருக்கும்.

மைக்செட் என்பது தெருச் சங்கச் செயலாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவர் பெண்டாட்டிக்கே மறந்திருக்கும்.

பொறியாளர் மனுவை எடுத்துத் தீர்ப்பு வாசிப்பது போல வாசித்தார்: 'எங்கள் தெருவில் வண்டிகளை நிறுத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

கீழே தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. நானும்தான். ஒருவரும் வாசிக்கவில்லை. எழுத்து அத்தனை அழகாக இருந்தது, வாசிப்பானேன் என்று இருந்துவிட்டோம்.

ஆவன செய்துவிட்டார்கள்.

சாக்கடை அடைப்புக்கு அசையாத நகராட்சி, இதற்கு மட்டும் விழுந்தடித்துக்கொண்டு வந்தது. தெருவின் இரு ஓரமும் வெள்ளைக்கோடு. முனையில் நீலப் பலகை. கடைவீதிக்கு வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் வாசலில் வண்டியை விட்டுவிட்டு, பெற்ற பிள்ளையை ஒப்படைப்பது போல "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மிச்சமிருந்த நடுவழியில், சிக்னலுக்கு டிமிக்கி கொடுக்கும் வண்டிகள் எப்போதும் போலப் பறந்தன.

எங்கள் தெருவுக்குத் துணி தைக்கிற தையலக்கா சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடத் தெம்பில்லை.

உண்மையில் அது அவளுடைய மனு. வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள்தான். இங்கே வந்து "அடுத்த வாரம் வாங்க" வாங்கிக்கொண்டு திரும்பியவளும் அவள்தான். மைக்செட்டுக்குக் கத்துகிற வேலை மட்டும்.

அவள் புருஷன் கடிகாரக்காரர். வீட்டுக்கு நேர் எதிரே அவருடைய பெட்டிக்கடை. வாசலிலிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும். அந்த அகலத்தைக் கடக்கும்போதுதான் ஒரு வேன் அவரைத் தூக்கிப் போட்டது. இடுப்பில் கம்பி வைத்துத் தைத்து, கையில் ஒரு வாக்கரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்புறம் கடை திறக்கவேயில்லை.

தினமும் காலையில் சட்டை மாட்டி, தலை வாரி, பொண்ணு பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி வாசற்படிக்கு வருவார். ரோட்டைப் பார்ப்பார். "வண்டி ஜாஸ்தியா இருக்கு, நாளைக்குப் போறேன்" என்று திரும்பிவிடுவார். எதிரில் என் ஜன்னல். எனக்கு வேறு என்ன வேலை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த மாசக் கடைசிக்குள் ஷட்டர் திறக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கடை சொந்தக்காரர் சொல்லியிருந்தார். ரோட்டில் வண்டி குறைந்தால் மனுஷன் கடைக்குப் போய்விடுவார் என்று அவள் நம்பினாள். அதற்குத்தான் மனு.

இப்போதோ பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்கிறது. இடையில் பூனை நுழையலாம், வாக்கர் நுழையாது.

பொறியாளருக்கும் கத்திக் கத்தி அலுத்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தார்.

"இங்க பாருங்கம்மா. 'வண்டிகளை'க்கு அப்புறம் 'வராமல்'னு ஒரு வார்த்தை சேருங்க. எழுதினவர் பக்கத்துல கையெழுத்துப் போடட்டும். கோட்டை அழிச்சு, பலகையைப் புடுங்கி, தெருவோட ரெண்டு முனையிலயும் கம்பி நட்டுத் தர்றேன். எனக்கும் நிம்மதி. யார் எழுதினது?"

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தோம். தையலக்காவுக்குப் பக்கத்தில், வாக்கரை முழங்காலோடு அணைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவில் வாடகை ஒப்பந்தமா, கல்யாணப் பத்திரிகையா, எதுவானாலும் அவர் கைதான். ஒரு புள்ளி பிசகாது.

மனுவும் பேனாவும் அவர் மடிக்குப் போயின. தையலக்கா ஒரு அட்டையை அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மூடியைக் கழற்றினார். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறியாளரிடம் மட்டும் சொல்வது போல, மெதுவாகக் குனிந்து சொன்னார். பாழாய்ப்போன மைக்செட் அந்த நேரம் பார்த்துத்தானா தண்ணீர் குடிக்க வேண்டும்? அறை முழுக்கக் கேட்டுவிட்டது.

"திருத்த ஒண்ணுமில்ல சார். சரியாத்தான் எழுதியிருக்கேன். ரோடு காலியாச்சுன்னா நாளைக்கே என்னைக் கடைக்குப் போகச் சொல்லிடுவா."



தையலக்கா அவரைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி மூடினாள். மனுவை மேசையில் வைத்தாள். வாக்கரைத் திருப்பி அவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எந்திரிங்க. ஆட்டோ நிக்குது."

கோடும் பலகையும் இன்னும் அப்படியே இருக்கின்றன. வாசல் இடம் வெளியாளுக்குப் போகிறதே என்று முதலில் கார் வாங்கியது மைக்செட்தான். பெட்டிக்கடைக்கு செல்போன் கவர் விற்கிற ஒருவன் வந்தான். வந்த வேகத்தில் பொறியாளர் வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டான்.

கடிகாரக்காரரும் தையலக்காவும் வேறு பக்கம் குடி போய்விட்டார்கள். வாட்ச் பட்டை மாற்றுகிற சாக்கில் நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். முட்டுச்சந்து. வண்டி திரும்பவே இடமில்லை. முன்னறையில் ஜன்னலோரமாக அவருடைய மேசை. வாசலில் அவள் கையால் எழுதிய பலகை, எழுத்து கொஞ்சம் கோணல்: 'கடை திறந்திருக்கிறது. உள்ளே வரவும்.'