‘முடியாது’ வகுப்பு

“என் பொண்ணைக் கெடுத்து வெச்சிருக்கீங்க டீச்சர்!”

டீச்சர் தலைமை ஆசிரியரின் அறைக்குள் காலடி எடுத்து வைத்ததுமே அந்த அம்மா பிடித்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவர், கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் வகுப்பே ‘மியாவ்’ என்று கூப்பிடும் பெண்ணின் பெற்றோர். அவள் எழுந்து பதில் சொன்னால் அடுத்த பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. அதனால் வந்த பெயர்.

டீச்சர் இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பிள்ளைகளுக்குத் தயங்காமல் பேசவும், கோபத்தை அடக்கவும், மறுக்க வேண்டியதை மறுக்கவும் பழக்கும் வாழ்க்கைத்திறன் வகுப்பு அவளுடையது. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. அதனாலேயே மற்ற ஆசிரியர்களுக்கு அது இளக்காரம். அந்தப் பீரியட் மேல் கணக்கு வாத்தியாருக்கு எப்போதும் ஒரு கண்.

“என்ன ஆச்சுங்கம்மா?”

“நீங்களே சொல்லுங்க” என்று அந்த அம்மா கணவரைத் தூண்டினாள்.

“என் அக்கா பையன் வந்திருக்கான். அவன் சட்டையை இஸ்திரி போட்டுக் குடுன்னு பொண்ணுகிட்ட சொன்னேன். ‘நாளைக்குப் பரீட்சை இருக்குப்பா, என்னால முடியாது’ங்கறா!”

“மரியாதைக் குறைவாப் பேசினாளா?”

“பேசியிருந்தாக்கூட ஒரு அதட்டு அதட்டி அடக்கியிருப்பேனே! கத்தல, அழல. என் மூஞ்சியைப் பார்த்து, மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி நிதானமா சொல்றா. எனக்குப் பதிலே வரல சார்!”

தலைமை ஆசிரியர் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்புறம் சட்டைய யார் இஸ்திரி போட்டது?” டீச்சர் மெல்லக் கேட்டாள்.

“யார் போடுவா? இவதான்” என்று மனைவியைக் காட்டினார்.

“அது கிடக்கட்டும்!” அந்த அம்மா குறுக்கே பாய்ந்தாள். “வகுப்புல அப்படி என்னதான் சொல்லிக்குடுத்தீங்க? எனக்குத் தெரிஞ்சாகணும். ஒண்ணு விடாம சொல்லுங்க.”

டீச்சர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். “முதல்ல... எதிர்ல இருக்கிறவங்க கண்ணைப் பார்த்துப் பேசணும்.”

“ம். அப்புறம்?”

“குரலை உயர்த்தக் கூடாது. காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும்.”

“அதுக்கும் அவங்க விடலைன்னா?”

“அதே வார்த்தையைத் திரும்ப ஒரு தடவை சொல்லிட்டு, பேச்சை நிறுத்திக்கணும்.”

“நிறுத்திக்கணுமாம்! கேட்டீங்களா அநியாயத்தை?” என்று கணவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

தலைமை ஆசிரியர் பெருமூச்சு விட்டார். “எதுக்கும்மா வம்பு? அந்தப் பீரியடைக் கணக்குக்கே குடுத்துடறேன். பிரச்சினை தீர்ந்தது.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

“அதெப்படி சார்?” அந்த அம்மா விடவில்லை. “இப்ப நிறுத்திட்டா, இவங்க என்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வகுப்பு நடக்கட்டும். வாராவாரம் நான் வந்து கடைசி பெஞ்சுல உட்கார்ந்து பார்க்கறேன்.”

கணவரின் முகம் அப்போதுதான் தெளிந்தது. “அதான் சரி. கூடவே இருந்து கண்காணி. ஒரு வார்த்தை தப்பாச் சொன்னாலும் வந்து என்கிட்ட சொல்லு.”

மறுக்கக் காரணம் எதுவும் தோன்றாமல் தலைமை ஆசிரியர் சம்மதித்தார்.

அடுத்த வாரம், சொன்ன மாதிரியே அந்த அம்மா முதல் ஆளாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். மியாவ் மட்டும் பின்னால் திரும்பவே இல்லை. கழுத்து விறைத்திருந்தது.

டீச்சர் கரும்பலகையைத் துடைத்தாள். இன்றைக்குப் பேசாமல் ‘நன்றி சொல்வது எப்படி’ என்று நடத்திவிட்டால் என்ன? யாருக்கும் உறுத்தாது. வேலையும் போகாது.

அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். முன்பெஞ்சில் மியாவின் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஆனது ஆகட்டும் என்று சாக்பீஸை எடுத்தாள்.

“போன வாரம் நடத்தினதையே இன்னொரு தடவை பழகலாம். ரெண்டு ரெண்டு பேரா எழுந்திருங்க. ஒருத்தர் ஒரு வேலை சொல்லணும், இன்னொருத்தர் மறுக்கணும்.”

வகுப்பு கலகலத்தது. மியாவின் முறை வந்தது. தோழி கெஞ்சினாள், மிரட்டினாள், அழுவது போல் நடித்தாள்.

“என்னால முடியாது” என்றாள் மியாவ். வகுப்பு முழுக்கக் கேட்டது. யாரோ கைதட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

டீச்சர் பயந்து பயந்து பின்னால் பார்த்தாள். அந்த அம்மா வைத்த கண் வாங்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் எல்லோரும் வெளியே ஓடினார்கள். அந்த அம்மா எழுந்து மேஜையை நோக்கி வந்தாள். டீச்சர் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

அந்த அம்மா வாசற்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“அன்னைக்கு ரொம்பக் கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். புகார் சொல்லணும்னு சொன்னாத்தான் அவர் கூட்டிட்டு வருவார்.”

டீச்சர் திகைத்துப் பார்த்தாள். அந்த அம்மா இன்னும் கிட்டே வந்தாள்.

“வீட்டுல யாரும் இல்லாதப்ப கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். கண்ணைப் பார்க்க வருது. குரலும் ஓரளவு வருது. கை மட்டும் நடுங்குது... அதுக்கு என்ன பண்ணணும் டீச்சர்?”