குடைச் சண்டை

சனிக்கிழமை காலை பத்து மணி. வீட்டில் மூன்று பேர், ஒரு நாய். நாயின் பெயர் இன்ஸ்பெக்டர்.

யார் வந்தாலும் ஒரு சுற்று மோந்து, விசாரணையை முடித்த பிறகே உள்ளே விடுவான் என்பதால் வந்த பெயர். இப்போது விசாரணையெல்லாம் இல்லை. வீட்டு வாசலில் பழைய போர்வைமேல் சுருண்டு கிடந்தான். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. நாலு மணிக்கு மிருக டாக்டர் கடைசி ஊசியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரரான பஸ் டிரைவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். அவர் மனைவி ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். நாக்கு நனைந்தது, அவ்வளவுதான்.

"ஒரு வாரமா வாயே திறக்கலை. இப்படி ஊமையாவா போகணும் என் பிள்ளை?"

"அழாதேம்மா. அவனுக்குக் கேக்கும்," என்றாள் காலேஜ் படிக்கும் மகள்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கமா கேட்டருகே வந்து நின்றார்.

செய்தித்தாள் ஆபீசில் பிழை திருத்துகிறவர். சுவரில் ஒட்டிய போஸ்டரில்கூட ஒரு கமா போட்டுவிட்டுத்தான் நகர்வார்; தெருவில் அதுவே அவர் பெயராகிவிட்டது. அவருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் ஜென்மப் பகை. அவருடைய கறுப்புக் குடை விரியும் சத்தம் கேட்டால் போதும், தெருமுனை வரை துரத்தாமல் இன்ஸ்பெக்டர் விட்டதில்லை. தெருக்காரர்கள் கூட்டத்தில் கமா எழுந்தாலே, "நாய் விஷயமா சார்?" என்று தலைவர் கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

"என்னம்மா, அது சத்தத்தையே காணோம்?"

"அது இல்லை சார், அவன்."

"நாய் அஃறிணைம்மா. 'அது'ன்னுதான் சொல்லணும்."

"நாலு மணி வரைக்கும் பொறுத்துக்குங்க. டாக்டர் வந்துட்டுப் போனப்புறம் உங்க இலக்கணத்துக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

கமா குனிந்து கம்பி வழியே உள்ளே பார்த்தார். போய்விட்டார்.

"உறுதிப்படுத்திட்டுப் போறார் பாரு," என்றாள் மனைவி.

மூன்று மணிக்கு மறுபடி வந்தார். கையில் குடை.

கேட்டுக்கு நேராக நின்று படக்கென்று விரித்தார். மடக்கினார். மறுபடி விரித்தார்.

மனைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார்! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? சாகப்போற ஜீவன்கிட்ட என்ன வம்பு?"

படக். படக்.

"அப்பா, நீங்க போய்க் கேளுங்கப்பா. இல்லேன்னா நான் போய் அந்தக் குடையைப் பிடுங்கி எறிஞ்சிடுவேன்."

டிரைவர் எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். போர்வைமேல் ஒரு காது திரும்பியிருந்தது.

படக்.

இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கினான். தொண்டையில் உர்ரென்று ஏதோ புரண்டது. முன்னங்காலை ஊன்றினான், சறுக்கினான், மறுபடி ஊன்றினான். மகள் பிடிக்கப் போனாள்.

"தொடாதே," என்றார் டிரைவர்.

நாலே அடி. கேட்டுக்கு இன்னும் பாதி வழி இருந்தது. அங்கேயே நின்று குரைத்தான். ஒரே ஒரு தடவை. குரல் கிழிந்துதான் வந்தது, ஆனால் அதிகாரம் குறையவில்லை.

"ஐயோ, வந்துட்டானே! பிடிங்க, யாராவது பிடிங்க!"

கமா ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். குடை பின்பக்கமாகப் புரண்டது. தெருமுனையில் கால் இடறி விழுந்தார், எழுந்தார், திரும்பிப் பார்த்தார், மறுபடி ஓடினார்.

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லா வேணும் அவருக்கு!"

மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கேட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஏங்க, கேட்டு பூட்டித்தானே இருக்கு? இவர் எதுக்கு ஓடினார்?"

டிரைவர் இன்ஸ்பெக்டரைத் தூக்கிவந்து போர்வையில் படுக்கவைத்தார். வால் ஒருமுறை தரையைத் தட்டியது. மகள் நீட்டிய பிஸ்கட்டில் பாதி உள்ளே போனது.

பிறகு அவர் கேட்டைத் திறந்துகொண்டு போய், ரோட்டில் கிடந்த செருப்பைத் தூசி தட்டி எதிர்வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை கமா நொண்டிக்கொண்டே ஆபீஸ் படியேறினார்.

"என்ன சார் கால்ல?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"எதிர்வீட்டு நாய். துரத்திட்டான்."

"அந்தக் கிழட்டு நாயா? உடம்பு முடியலைன்னு போன மாசம் முழுக்க நீங்கதானே புலம்பினீங்க?"

"அது போன மாசம். இப்ப என்னா வேகம்ங்கறீங்க! தெருமுனை வரைக்கும் விடலை. நான் தப்பிச்சதே பெரிய விஷயம்."

இன்ஸ்பெக்டரைச் சனிக்கிழமை மாலையே அடக்கம் செய்திருந்தார்கள்.