கொம்பைத் தின்ன முடியுமா?

அமெரிக்காவின் மோன்டானா மலைச்சரிவில் பெரிய கொம்போடு ஓர் எல்க் மான் எதிரே நின்றது. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற கொழுத்த பெண் மானைச் சுட்டேன்.

"இந்த வருஷமும் சுவத்துல மாட்ட ஒரு தலை கொண்டு வரலியா?" என்று சீண்டினாள் என் மனைவி நெட்டி.

"கொம்பைத் தின்ன முடியுமாடி? எழுபத்தொரு வயசுல நான் மலை ஏறுறதே கறிக்குத்தான். நேத்து நீ வெச்ச எல்க் ரோஸ்ட் இருக்கே, கடையில வாங்குற மாட்டுக்கறில வருமா அந்த ருசி?"

நெட்டி அடுப்பைத் துடைத்தாள்.

கறியைத் துண்டு போட்டு, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றிலும் வருஷத்தை எழுதினேன். கீழறை ஃபிரீசரில் அடுக்குவது எப்போதும் அவள்தான். இந்த முறை அவளுக்கு முட்டி வீங்கியிருந்ததால் நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

ஃபிரீசரில் இடமே இல்லை. போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், அதற்கும் முந்தினது. எல்லாம் என் கையெழுத்து. ஒரு பொட்டலம்கூடப் பிரிக்கப்படவில்லை.

படியடிக்கு வந்து மேலே பார்த்துக் கத்தினேன்.

"நெட்டி! அப்ப மூணு வருஷமா எனக்கு என்னத்தைடி போட்ட?"

"கடை மாடு," என்றது மேலிருந்து வந்த குரல். "பல்செட் வெச்ச வருஷம் எல்க்கை மெல்ல முடியாம தட்டுலயே துப்பிட்டு, 'இது கடை மாடு, என்னை ஏமாத்துற'ன்னு கத்தினியே... மறந்துட்டியா?"