பின்னால் ஓடிய பாட்டு

கைப்பேசித் திரையில் விழும் மதிய வெயிலை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிறாள் பூவிழி. போன ஐப்பசியில் விபத்தில் போய்ச் சேர்ந்த அண்ணன் இளம்பரிதி, திரையின் மூலையில் உட்கார்ந்து கேம் ஆடுகிறான். அவன் சேனலுக்கு முதல் ரசிகை இவள்தான். பேசிக்கிட்டே ஆடுண்ணே என்று இவள் நச்சரித்து, கூச்சக்காரன் வாய் திறந்த ஒரே வீடியோ இது. உதடு அசைகிறது, குரல் இல்லை. இதை எடுத்த அன்றைக்குத் தெருவில் காதுகுத்து. தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் சினிமாப் பாட்டும் அவன் பேச்சோடு பதிந்துவிட்டது. பாட்டு எங்களுடையது என்று ஏதோ கம்பெனி சொல்ல, நேற்று வீடியோவின் சத்தத்தையே எடுத்துவிட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் சேனல்காரர் எழுத வேண்டுமாம். காயப்போட்ட நெல்லைக் கிளறிய காலோடு வந்து அருகில் உட்காருகிறாள் அம்மா தங்கம்மாள். “சத்தமா வையி. அண்ணன் பேசுறது கேக்கல.” “பாட்டுக்காரங்க எடுத்துட்டாங்கம்மா.” “அவங்க பாட்ட அவங்க எடுத்துக்கட்டும். எம்புள்ள குரல எதுக்கு எடுத்தாங்க?” அம்மா கைப்பேசியை வாங்கிக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். தெருவில் யார் வீட்டிலோ வளைகாப்பு. தென்னைமரத்துக் குழாயில் அதே பாட்டு, ஊருக்கே கேட்கிறது.