தொட்டி சொன்ன எண்

"ஒரு கையெழுத்துப் போட உனக்கு என்னம்மா வலிக்குது?"

வாசலில் நின்றபடியே கேட்டார் ஆய்வுக்கூடத் தலைவர் ஓட்வார். கையில் வெள்ளிக்கிழமைதோறும் ஆபீஸில் சுட்டுத் தருகிற வாஃபிள் அப்பம், அதன்மேல் பழுப்புப் பாலாடைக்கட்டி.

ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பொறியாளர் சிக்னே, மேஜைமேல் இருந்த அறிக்கையைப் பார்த்தாள். மூன்று மணிக்குள் அது கம்பெனிக்குப் போயாக வேண்டும். கடலில் மிதக்கும் மேடைமேல் காற்றாலையை நிறுத்தப்போகிற கம்பெனி அது. அலையில் மேடை எவ்வளவு சாயும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டது அவள்தான். கணக்கு சரிதானா என்று, அதேபோல் ஒரு குட்டி மேடையை, ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக அலை எழுப்பும் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்ததும் அவள்தான்.

"கணக்குல நாலு டிகிரி. தொட்டியில ஏழு. ரெண்டும் ஒத்துப்போகலையே, ஓட்வார்!"

"அளக்குற ஒயரெல்லாம் கட்டித் தொங்குதுல்ல, அது பிடிச்சு இழுத்திருக்கும்."

"ஒயரை மாத்திக் கட்டியும் பார்த்துட்டேன். மறுபடியும் ஏழுதான்."

"அப்போ தொட்டி சரியில்லைன்னு எழுது. முப்பது வருஷமா இங்க குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

"சாய்வு அஞ்சு டிகிரியைத் தாண்டினா மேடையில மெக்கானிக்குகளை ஏத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. நாம நாலுன்னு எழுதினா அந்த அலையிலயும் ஏத்திவிடுவாங்க. யாராவது விழுந்துட்டா?"

"எவனும் விழமாட்டான். சரியான பயந்தாங்கொள்ளி நீ! இந்த மாசத்தோட உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்குல்ல? வேலை நிரந்தரமாகணுமா, வேண்டாமா?"

சொல்லிவிட்டு வாஃபிளைக் கடித்துக்கொண்டே போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறாரே மனுஷன்! மறைக்காவிட்டால் வேலை போகும். மறைத்தால், எந்த வீட்டுப் பிள்ளையோ கடலில் விழும். சிக்னேவுக்கு அழுகை அழுகையாக வந்தது. 'கணக்கு சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே பேனாவைக் கொண்டுபோனாள்.

கதவு மெல்லத் திறந்தது. ஓட்வார்தான். முகத்தில் பழைய மிடுக்கைக் காணோம்.

"போட்டுட்டியா?"

"இதோ, போடப் போறேன்."

"இரு, இரு. கம்பெனியிலேருந்து இப்பத்தான் போன் வந்துச்சு. திறப்பு விழா அன்னைக்கு நான் அந்த மேடையில ஏறி நின்னு அமைச்சரை வரவேற்கணுமாம்."

"நல்ல விஷயம்தானே!"

"நல்ல விஷயம்தான், யாரு இல்லேன்னா? ஆனா விழாவை இலையுதிர் காலத்துல வச்சிருக்காங்க. நீ தொட்டியில விட்டுப் பார்த்த அதே அலைதான் அப்போ அடிக்கும்ங்கிறாங்க. மேடை எவ்வளவு சாயும்?"

"நாலு டிகிரி. கணக்குதான் சொல்லுதே."

ஓட்வார் திரும்பிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அட, கணக்கைத் தூக்கிக் குப்பையில போடும்மா! தொட்டியில ஏழுதானா, இல்ல அதுக்கும் மேலயா?"

சிக்னே அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தாள். நாலை அடித்தாள். ஏழு என்று எழுதினாள். 'சரிபார்க்கப்பட்டது' என்பதை அடித்துவிட்டு, 'கணக்கு ஒத்துப்போகவில்லை' என்று எழுதினாள். தாளை அவர் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினாள்.

"முதல் கையெழுத்து நீங்க போடுங்க, ஓட்வார்."